கடைசிப் பத்து மீட்டர்: சுற்று நடைபாதையில் ஒரு நாள் ஜியோகேச்சிங்

கிராமப்புறங்களில் நடப்பதில் விருப்பமுள்ளவர்களையும், ஒளித்துவைத்த பெட்டிகளைக் கைப்பேசியின் துணையோடு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டை விளையாடுகிறவர்களையும் ஒரே பாதையில் கொண்டுவந்து சேர்ப்பது சுற்றுப்பாதை வரிசை. புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும் நடைபாதை ஒன்றை ஒருவர் தேர்ந்துகொண்டு, அதன் நெடுகிலும் சிறு பெட்டிகளை ஒளித்துவைத்து, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை விளையாட்டின் இணையதளத்தில் பதிவிடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு நடந்து, பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அக்கா மகனுடன் அண்மையில் நான் நடந்த வரிசையில் கூடுதலாக ஒரு வேலையும் இருந்தது. ஆறு பெட்டிகளின் மூடிக்குள் மூடிக்கு ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும்; ஆறையும் சேர்த்தால்தான் போனஸ் பெட்டி இருக்கும் இடம் தெரியவரும். இனிமேல் தேடப்போகிறவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடாது என்பதால் இடத்தின் பெயரையும் பெட்டிகளின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

முதலில் நேரக்கணக்கு. மலைநடைக்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் எளிய விதி ஒன்றை ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் வகுத்தார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை சுமார் 9 கிலோமீட்டர். ஏற்றம் மொத்தம் 200 மீட்டர். கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் அது நடைக்கு மட்டுமான கணக்கு. ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை சேர்த்தால், ஒரு டஜன் பெட்டிகள் உள்ள வரிசை நடைநேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். சிறுவன் உடன் வந்தால் உட்காரவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம் தனியாக வேண்டும். ஆகவே ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு வெகு முன்பே முடியும்படி காலையில் கிளம்பினோம்.

சுற்றுப்பாதைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: பாதி வழியை எட்டிவிட்டால் திரும்பி வருவதும் முன்னே போவதும் ஒரே தூரந்தான். மழையோ கால்வலியோ வந்தால் வந்த வழியே திரும்புவதால் பயன் எதுவும் இல்லை. எனவே புறப்படும் முன்பே, வண்டி போகும் சாலை இந்த வட்டத்தை எங்கெங்கே வெட்டுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வழக்கம். இடையில் விட்டு விலக வேண்டுமானால் அந்த இடங்களில்தான் விலக முடியும். எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். ஒளித்துவைத்தவர் பெட்டிகளுக்கு எண்ணிட்டிருந்தால் பெரும்பாலும் அவர் நினைத்த திசையே நல்ல திசை. எங்கள் வரிசையில் செங்குத்தான ஏற்றம் முதல் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தது. கால் புத்துணர்வோடு இருக்கும்போதே அதை முடித்துவிடுவது மேல் என்பதால் எண் வரிசையிலேயே போனோம்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் அவசியமானது. பெட்டிகளின் விவரங்களையும் அப்பகுதியின் வரைபடத்தையும் முந்தைய நாளே பதிவிறக்கி வைத்துவிட வேண்டும், ஏனெனில் மலைச்சரிவில் சிக்னல் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு அந்தச் சிக்னல் தேவையில்லை. கைப்பேசி செயற்கைக்கோள்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை அனுப்புவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மின்கலத்தை அதிகம் தின்பது திரையின் வெளிச்சம். சிக்னல் இல்லாத இடத்தில் கோபுரத்தைத் தேடித் தவிக்கும் கைப்பேசியும் சார்ஜை விரைவில் காலி செய்துவிடும். பவர் பேங்க், பென்சில், சாமணம், சிறு டார்ச், பழைய துணித்துண்டு: என் பையில் தவறாமல் இருப்பவை இவை. பேனாவைவிடப் பென்சிலை ஏன் விரும்புகிறேன் என்பது ஈரம் பாய்ந்த தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெட்டியின் விவரப் பக்கத்தில் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். ஒன்று தேடலின் கடினம், மற்றொன்று நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நில மதிப்பெண் 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போய்ச் சேரலாம். 5 என்றால் கயிறோ படகோ போன்ற தனிக் கருவி வேண்டும். புதியவர்கள் இந்த எண்களை எச்சரிக்கையாக மட்டுமே படிக்கிறார்கள். எனக்கு இவை துப்புகளாகவே தோன்றுகின்றன. நில மதிப்பெண் 1.5 உள்ள பெட்டியைத் தேடி முள்ளுக்குள் நுழைந்துகொண்டிருந்தால், நாம் நிற்கும் இடம் சரியில்லை என்று பொருள்.

முதல் பெட்டியின் எண்கள், பாதையோரத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கம் காட்டின. திரையில் இருந்த அம்புக்குறி 30 மீட்டர், 20, 12 என்று இறங்கி வந்து, பிறகு 7 என்றது. ஓரடி எடுத்து வைத்ததும் 11 என்றது, நின்றதும் பின்பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா மகன் கைப்பேசியை நீட்டியபடி அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு வட்டமடித்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான், இதில் பயனில்லை. திறந்தவெளியில் நல்ல கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டும். மரக்கிளைகளும் பாறைச்சுவர்களும் இருக்கும் இடத்தில் அலைகள் மோதித் திரும்பி வருவதால் பிழை கூடும். இதற்கு மேல், பெட்டியை வைத்த அன்று, வைத்தவருடைய கருவியிலும் ஒரு பிழை இருந்திருக்கும்; நம் பிழை அதோடு சேர்ந்துகொள்கிறது. 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர மீட்டர். ஆரம் 10 மீட்டரானால் அது 314. பிழை இரு மடங்கானால் தேட வேண்டிய நிலம் நான்கு மடங்காகிறது.

இந்த விளையாட்டு பிறந்ததற்கே பிழை குறைந்ததுதான் காரணம். அமெரிக்கா ஜிபிஎஸ்ஸின் பொதுமக்கள் அலைவரிசையில் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வந்த காலத்தில், இடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். அதாவது ஒரு பெட்டிக்கு மூன்று ஹெக்டேருக்கு மேல் சலிக்க வேண்டியிருக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை இணையக் குழுவொன்றில் அறிவித்தார். சில நாட்களுக்குள் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்குக் கருவிகள் எவ்வளவோ முன்னேறியிருந்தும், வாளியளவு இருந்த பெட்டி விரலளவாகச் சுருங்கிவிட்டதால் கடைசிப் பத்து மீட்டரின் சிரமம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பத்து மீட்டருக்கு நான் பின்பற்றும் முறை இது. 15 மீட்டர் அளவில் நின்று அம்புக்குறி காட்டும் திசையில் ஒரு மரத்தையோ கல்லையோ மனத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு பக்கவாட்டில் 20 மீட்டர் நகர்ந்து, மீண்டும் நின்று, மறுபடி திசை பார்ப்பேன். இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுற்றித்தான் தேடல். இனிக் கைப்பேசிக்கு வேலையில்லை, அது சட்டைப்பைக்குள் போய்விட வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, நான் ஒளித்துவைப்பதாக இருந்தால் இங்கே எங்கே வைப்பேன் என்பது. பெட்டி நனையக்கூடாது, உருண்டு போகக்கூடாது, வழிப்போக்கர் கண்ணில் படக்கூடாது, ஆனாலும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளும் சேர்ந்தால் ஒரு காட்டுத்துண்டில் மிஞ்சும் இடங்கள் மிகச் சில. மரத்தின் வேர்ப்பிளவு, கிளை பிரியும் கவை, வேலிக் கம்பத்தின் பின்புறம், பலகையின் அடிப்பக்கம் என்று கண் தானாகவே அங்கங்கே போகப் பழகிவிடும்.

அன்று அதற்கும் தேவை வரவில்லை. "மாமா, இங்க பாருங்க, குச்சியெல்லாம் ஒரே பக்கமா அடுக்கி இருக்கு" என்றான் அக்கா மகன். விழுந்த மரத்தின் வேர்ப்பக்கத்தில், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள ஏழெட்டுச் சுள்ளிகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடந்தன. காற்று உதிர்த்த சுள்ளி குறுக்கும் நெடுக்குமாக விழுமே தவிர இப்படி வரிசையில் படுக்காது. அவற்றை விலக்கியதும் பச்சைத் துணி நாடா ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா தெரிந்தது. இயற்கையில் இல்லாத ஒழுங்கைத் தேடுவது என்று நான் அவனுக்குப் பாடம் எடுக்க நினைத்திருந்தேன். அவன் எனக்கு முன்பே முடித்துவிட்டான். பாசி படர்ந்த கற்களுக்கு நடுவே பாசியில்லாத ஒரு கல், சுற்றிலும் நிமிர்ந்திருக்கும் புல்லில் மிதிபட்ட ஒரு திட்டு ஆகியவையும் இதே வகைத் துப்புகள்.

டப்பாவைத் திறந்தபின் செய்ய வேண்டியதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு மணல் துகளோ தாளின் ஓரமோ மாட்டிக்கொண்டால் அடுத்த மழைக்கு உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். அதனால் மூடும் முன் துணியால் விளிம்பைத் துடைத்து, நான்கு பக்கக் கொக்கிகளும் சொடுக்கென்று விழுந்தனவா என்று கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். விரலளவுக் குழல்களில் பதிவுத் தாள் இறுகச் சுருட்டியிருக்கும். விரலால் இழுத்தால் ஓரம் கிழியும், சாமணம் அதற்காகவே. காந்தம் வைத்த பெட்டிகளைக் கைப்பேசியோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் திசைகாட்டி சிறிது நேரம் தடுமாறும், எனவே அதைத் தள்ளியே வைக்கவும். பெரிய பெட்டிகளில் பொம்மை, நாணயம் போன்ற சிறு பொருட்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது மரபு. உல்மரின் வாளியில் டின்னில் அடைத்த அவரை இருந்ததாம். இன்று உணவுப் பொருள் எதையும் வைக்க விதி அனுமதிப்பதில்லை, மணம் பிடித்து விலங்குகள் பெட்டியைக் கடித்துக் குதறிவிடும் என்பதே காரணம். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது பரிசன்று, பயணி. அதை எடுத்தவர் வேறொரு பெட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். அதன் எண்ணைப் படமெடுத்துப் பொதுவில் போடவும் கூடாது, ஏனெனில் பார்த்தேயிராதவர்களும் அந்த எண்ணைக் கொண்டு பார்த்ததாகப் பதிவிட்டுவிட முடியும்.

ஏற்றத்தைத் தாண்டியபின் வந்த மேய்ச்சல் நிலத்தில் கன்றுகளோடு பசுக்கள் நின்றன. ஒரு பெட்டி அந்த நிலத்தின் மறுமூலையில் இருந்தது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நாம் போய்விடாதபடி ஓரமாகச் சுற்றிப்போனோம். கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுப்போவது நிலத்துக்காரருக்கு நாம் செய்யும் மிகக் குறைந்த மரியாதை. உயர்ந்த புல்லில் நடக்கும்போது கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. சில வகை உண்ணிகள் லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பக்கூடியவை.

ஆறு இலக்கங்களில் ஐந்து கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை. அந்தப் பெட்டி ஒரு வளைவில், மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்குவதாகக் குறிப்புச் சொன்னது. மரம் இருந்தது, தாழ்ந்த கிளைகள் அண்மையில் வெட்டப்பட்டு, வெட்டுவாய் இன்னும் வெளுப்பாக இருந்தது. வெட்டிய கிளைகள் கிடந்த இடத்திலும் பார்த்தோம், எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வேளைகளில் சிலர், தங்கள் பையிலிருக்கும் உதிரிக் குழலொன்றில் புதுத் தாளைச் சுருட்டி அங்கே மாட்டிவிட்டு, கண்டுபிடித்ததாகப் பதிவிட்டுவிடுவார்கள். உதவி செய்வதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பெட்டி பத்தடி தள்ளி இருக்கிறதா இல்லையா என்று தேடியவருக்குத் தெரியாது. இருந்துவிட்டால் ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகளாகி, பின்னால் வருகிறவர்களுக்கு எது உண்மையானது என்ற குழப்பம் மிஞ்சும். மேலும் பெட்டியைப் பராமரிப்பது அதை வைத்தவரின் பொறுப்பு. தேடியும் கிடைக்கவில்லை என்று நேர்மையாகப் பதிவிட்டால்தான், வந்து பார்க்க வேண்டும் என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரும். அக்கா மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. போனஸ் போய்விட்டது என்று அவன் முடிவுகட்டியிருந்தான்.

போகவில்லை. இந்த விளையாட்டில் எண்களை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். போனஸின் டிகிரியும் முழு நிமிடமும் விவரப் பக்கத்திலேயே இருந்தன. புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள்தான் வடக்குக்கும் கிழக்குக்குமாகச் சேர்ந்து ஆறு. எங்களிடம் இல்லாதது வடக்கு எண்ணின் நடு இலக்கம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,852 மீட்டர் என்பதால், அந்த நடு இலக்கம் ஒன்று கூடினால் இடம் 18.5 மீட்டர் வடக்கே நகரும். ஆகவே 0 முதல் 9 வரை பத்து இடங்கள், தெற்கு வடக்காக ஒரே நேர்க்கோட்டில், மொத்தம் 167 மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. காணாமல் போனது கடைசி இலக்கமாக இருந்திருந்தால் கோடு 17 மீட்டராகச் சுருங்கி, நடந்தே சலித்துவிட்டிருக்கலாம். முதல் இலக்கமாக இருந்திருந்தால் 1.7 கிலோமீட்டராக நீண்டு கைவிட்டிருப்போம். இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் உட்கார்ந்து யோசிக்க இடமிருந்தது. ஒரு கல்லின்மேல் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பத்து இடங்களையும் வரைபடத்தில் புள்ளியிட்டோம்.

விதி ஒன்று கைகொடுத்தது. தனித்தனிப் பெட்டிகள் இரண்டுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, இடைவெளி இருக்க வேண்டும். வரிசையின் கடைசிப் பெட்டி, எங்கள் கோட்டின் தென்முனைக்கு நேர் தெற்கே 90 மீட்டரில் இருந்தது. எனவே 0, 1, 2, 3 ஆகிய நான்கும் அதற்கு மிக நெருங்கிவிடுகின்றன, அவை இருக்க முடியாது. 4, 5 இரண்டும் வேலியிட்ட பயிர் நிலத்துக்குள் விழுந்தன. அனுமதியில்லாமல் பயிருக்குள் மனிதரை நடக்கவைக்கும் பெட்டியைத் தளத்தின் மதிப்பாய்வாளர்கள் வெளியிடுவதில்லை. 6 ஓடையின் நடுவே. 8, 9 ஓடைக்கு அப்பால் பாதையே இல்லாத முட்புதர். போனஸுக்குக் கொடுத்திருந்த நில மதிப்பெண்ணோ 1.5. மிஞ்சியது 7. அந்தப் புள்ளி, ஓடையைத் தாண்டியதும் பாதையும் ஒரு பழைய கற்சுவரும் சந்திக்கும் முனையில் இருந்தது.

அங்கே போனதும் பையன் நேராகச் சுவரிடம் ஓடி ஒரு கல்லை அசைக்கத் தொடங்கினான். நிறுத்தினேன். காரை பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவரில் ஒரு கல்லை உருவினால் அதன் மேலிருக்கும் கற்கள் தளரும். தேட வருகிற ஒவ்வொருவரும் ஒன்றை உருவினால் சில மாதங்களில் சுவர் சரிந்துவிடும். பொறுப்புள்ள எவரும் பெட்டியை அதற்குள் வைக்கமாட்டார் என்பதால் அங்கே தேடுவதும் வீண். சுவர் முடியும் இடத்தில் இருந்த மரக்கம்பத்தைச் சுற்றிப் பார்த்தோம். ஆணி, ஆணி, ஆணி, அப்புறம் மற்றவற்றைப் போலவே துருவேறிய ஒரு போல்ட். எல்லா ஆணியும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டிருக்க, இந்த ஒன்று மட்டும் எதையும் பிடிக்கவில்லை. திருகியதும் கழன்று வந்தது. உள்ளே குடைந்த துளையில் சுருட்டிய தாள். அந்த நேரம் பார்த்து நாயோடு இருவர் பாதையில் வந்தார்கள். கம்பத்தைப் பிரித்துக்கொண்டு நிற்பவர்களை யாரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நான் போல்ட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன், அவன் ஓடையைப் பார்த்தபடி நின்றான். அவர்கள் வளைவைத் தாண்டியபின் பெயரெழுதி, தாளைச் சுருட்டி, போல்ட்டை முன்பிருந்த அதே கோணத்தில் திருகி வைத்தோம்.

அன்றிரவே பதிவுகளை எழுதி முடித்தேன்; தள்ளிப்போட்டால் எந்தப் பெட்டியின் தாள் நனைந்திருந்தது என்பது மறந்துவிடும். கிடைத்தவற்றுக்கு ஒவ்வொன்றிலும் குறிப்பாக ஒரு வரி, ஈரமாக இருந்ததற்குப் பராமரிப்பு வேண்டுகோள், கிடைக்காததற்குக் கிடைக்கவில்லை என்ற பதிவு. கிளை வெட்டப்பட்டிருப்பதையும், இலக்கம் இல்லாமலே போனஸை எப்படி நெருங்கினோம் என்பதையும் பொதுப் பதிவில் விரிக்காமல், ஒளித்துவைத்தவருக்குத் தனிச்செய்தியாக அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. கிளை வெட்டியது அவருக்குத் தெரியாதாம்; அந்த வார இறுதியிலேயே புதுக் குழலொன்றை மரத்தின் வேறு பக்கத்தில் மாட்டப்போவதாகவும், இனி ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டிரண்டு பெட்டிகளின் மூடியில் எழுதிவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.